மேசைக்கு இடம், மறுகாவுக்கு ஏளனம்

“கொமினிகேசனுக்குப் போய் இதில ரெண்டு கொப்பி எடுத்து வா மனே. மறுகா மாமாக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லு.”

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே வாவியை ஒட்டிக் கிடக்கும் அமிர்தகழியில், ஒரு தாய் தன் மகனிடம் இப்படிச் சொல்வது யார் காதிலும் விழக்கூடியது. மாமாங்கேஸ்வரர் கோயில் பக்கம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்த வெளியூரார் இதைக் கேட்டால், மூன்று வகையினருக்கு மூன்று வகையில் எரிச்சல் வரும். தனித்தமிழ் விரும்பிக்கு மூன்று ஆங்கிலச் சொற்கள் உறுத்தும். ஆங்கிலம் நன்கு கற்றவருக்கு அவற்றில் இரண்டு தப்பாக ஆளப்பட்டிருப்பது உறுத்தும். நகல் எடுத்துக் கொடுக்கும் கடையைக் ‘கொமினிகேசன்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. அழைப்பை அவர்கள் ‘எடுப்பதும்’ இல்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வளர்ந்த தமிழர் சிலருக்கு ஆங்கிலத்தில் குறை தெரியாது, ‘மனே’யும் ‘மறுகா’வும்தான் சிரிப்பை வரவழைக்கும்.

தாய் சொன்னது மகனுக்கு விளங்கிவிட்டது. அவன் கடைக்குப் போய்விட்டான். மொழி தன் வேலையைக் குறையில்லாமல் முடித்துவிட்ட இடத்தில் கேட்டவருக்கு ஏன் முகம் சுளிக்கிறது? இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. அந்தச் சுளிப்பால் வகுப்பறையில் வாய் திறக்காமல் போன பிள்ளைகள் உண்டு, நேர்முகத் தேர்வில் தலை குனிந்து திரும்பிய இளைஞர்கள் உண்டு. எந்தச் சொல் யாரை எரிச்சலூட்டுகிறது என்பதை மட்டக்களப்பை முன்வைத்து ஆராய்ந்தால், அந்த எரிச்சலில் பெரும்பகுதி தவறான இலக்கை நோக்கிப் பாய்கிறது என்பது தெரியவரும். பாய வேண்டிய இடங்களோ பாதுகாப்பாக இருக்கின்றன.

முதலில் எரிச்சலின் வயதைப் பார்ப்போம். ஆங்கிலேயர் தம் மொழிக்காகப் பட்ட எரிச்சலே நீண்ட வரலாறுடையது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனதன் ஸ்விப்ட், 1710இல் தன் நாட்டவர் பேச்சில் நுழைந்த குறுக்கச் சொற்களைக் கண்டித்து எழுதினார். ‘மொப்’ என்ற சொல் அவருக்குப் பெரும் உறுத்தல். நீளமான இலத்தீன் தொடரொன்றை வெட்டி எடுத்த துண்டு அது. கும்பலைக் குறிக்க இன்று அதைவிட இயல்பான ஆங்கிலச் சொல் கிடைப்பது அரிது.

அதைவிடப் பழைய சான்று ஒன்று உண்டு. அது மட்டக்களப்பு வரைக்கும் வந்து சேர்ந்த கதை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இலத்தீன் மொழியில் ‘புரோபசின் பின்னிணைப்பு’ என்று அறியப்படும் ஒரு பட்டியல் கிடைத்திருக்கிறது. பெயர் தெரியாத ஓர் ஆசிரியர், மக்கள் பேச்சில் காதில் விழுந்த பிழைகளைக் கண்டு பொறுக்காமல், ‘இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே’ என்று 227 இணைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். காதைக் குறிக்க ‘அவுரிஸ்’ என்று சொல், ‘ஒரிக்லா’ என்று சொல்லாதே. மேசையைக் குறிக்க ‘மென்சா’ என்று சொல், ‘மேசா’ என்று சொல்லாதே. அந்த ஆசிரியரின் பேச்சை ஊர் கேட்கவில்லை. அவர் விலக்கிய வடிவங்களே வளர்ந்து பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளின் சொற்களாயின. ‘மேசா’ போர்த்துக்கேயரின் கப்பலேறியது. 1628இல் அவர்கள் மட்டக்களப்பு புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். இன்று அமிர்தகழியில் பிள்ளைகள் கொப்பி வைத்து எழுதும் ‘மேசை’, அந்த இலத்தீன் ஆசிரியர் சிவப்புக் கோடு போட்ட அதே பிழை.

இந்தப் ‘பிழை’யைக் கேட்டு எந்தத் தமிழ்ப் பண்டிதரும் இப்போது முகம் சுளிப்பதில்லை. மட்டக்களப்பு வீடொன்றுக்குள் நுழைந்தால் கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், சாவி, கோப்பை, துவாய் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. குசினிக்குள் பாண் இருக்கும், வாசலில் சப்பாத்து இருக்கும். மேசையின் லாச்சியும் பின்வளவின் கக்கூசும் ஒல்லாந்தர் வழி வந்தவை. அரச அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்று சொன்ன தலைமுறையும் ஒல்லாந்தச் சொல்லைத்தான் சொன்னது. இவற்றில் எதையும் நாம் கலப்பு என்று உணர்வதில்லை. ‘செயார்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், “தமிழ்ல கதிரை எண்டு சொல்லு” என்று திருத்துகிறோம். நானூறு ஆண்டு பழைய இரவலைக் காட்டிப் புதிய இரவலைக் கண்டிக்கிறோம் என்பது திருத்துகிறவருக்குத் தோன்றுவதே இல்லை.

போர்த்துக்கேயர் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது, அதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயத்தின் கிளைமொழி ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வந்தது. இயன் சிமித் என்ற மொழியியலாளர் 1970களில் இங்கு வந்து அதை ஆராய்ந்தார். அந்தப் பேச்சில் சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கிய அமைப்போ பெரிதும் தமிழ். வினை வசனத்தின் கடைசியில் வருகிறது, வேற்றுமை உறவுகள் தமிழின் போக்கில் அமைகின்றன. ஆட்சி செய்ய வந்தவரின் மொழி இங்கே தங்கியபோது தன் எலும்புக்கூட்டையே மாற்றிக்கொண்டது. தமிழ் அதனிடமிருந்து எடுத்ததோ வீட்டுத் தட்டுமுட்டுகளின் பெயர்களை. “அம்மாவ ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணியாச்சு” என்ற வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்திலிருந்து ஒரு வினை வந்திருக்கிறது, வந்ததும் ‘பண்ணு’ என்ற தமிழ் வினையின் பின்னால் அடங்கிவிட்டது. காலம், இடம், முடிபு எல்லாம் தமிழ். தமிழ் அழிந்துபோகிறது என்று இந்த வசனத்தைக் காட்டிப் புலம்புகிறவர்கள், மட்டக்களப்பில் நானூறு ஆண்டுகளாக எது எதை வளைத்தது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் இலக்கணிகள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பரந்த மனம் உடையவர்கள். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளில் வழங்கும் சொற்களுக்கும் பிறமொழியிலிருந்து வரும் சொற்களுக்கும் செய்யுளிலேயே இடம் கொடுத்தார். வடசொல்லுக்கு அவர் இட்ட நிபந்தனை, அயல் எழுத்தை விட்டுத் தமிழ் ஒலிக்குப் பணிந்து வர வேண்டும் என்பது. காலப்போக்கில் வழக்கில் வந்து படிந்த சொல்லைக் கடிய வேண்டியதில்லை என்ற கருத்தும் அவருடைய நூலிலேயே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் ‘மரூஉ’வை இயல்பு வழக்கிலேயே சேர்த்தார். சோழநாடு சோணாடு ஆனது அவருக்குக் குற்றமல்ல.

தமிழ் ஒலிக்குப் பணிவது என்றால் என்ன என்பதை எழுதப் படிக்கத் தெரியாத கிழவியிடம் கேட்கலாம். அவர் ‘ஸ்கூல்’ என்று சொல்ல மாட்டார், ‘இஸ்கூல்’ என்பார். படித்த பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சொல்லின் தொடக்கத்தில் மெய்க்கூட்டம் நிற்பது தமிழுக்கு ஒவ்வாது. இராமனுக்கும் இலட்சுமணனுக்கும் உலோகத்துக்கும் முன்னால் உயிரெழுத்தைக் கொண்டுவந்து வைத்ததும் இதே போன்ற ஒலி ஒழுங்குதான். போர்த்துக்கேயர் பள்ளியை ‘எஸ்கோலா’ என்பார்கள், ‘ஸ்கூல்’ பிறந்த அதே இலத்தீன் சொல்லின் முன்னால் அவர்களும் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டி சொன்ன ‘இஸ்கூல்’ தமிழ் இலக்கணத்துக்கு ‘ஸ்கூல்’ என்பதைவிட விசுவாசமானது.

இனி ‘மறுகா’வுக்கு வருவோம்.

அமிர்தகழி என்ற பெயரிலேயே ஒரு பழஞ்சொல் உட்கார்ந்திருக்கிறது. கழி என்பது கடலோரத்து உப்பங்கழி. சங்க நெய்தற் பாட்டுகளில் தலைவி காத்திருக்கும் இடம், நெய்தல் பூக்கும் இடம், மீன் பிடிப்பவர் இறங்கும் இடம் எல்லாம் இந்தக் கழிதான். மற்ற ஊர்களில் பெரும்பாலும் பாட்டுக்குள் மிஞ்சிய சொல், இங்கே பேருந்துக்காரர் வாயில் நாள் முழுக்கப் புழங்குகிறது. பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுவதால் ‘அமிர்தகளி’ என்று எழுதுவோரும் உண்டு. இந்தப் பிழைக்கு நான் எரிச்சல்படுவேன், காரணம் சொல்லித்தான். எழுத்து மாறும்போது ஊரின் பெயருக்குள் இருக்கும் நீர்நிலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், 1966இல் இந்தோ-ஈரானியன் ஜேர்னல் என்ற ஆய்விதழில் இலங்கைத் தமிழின் இயல்புகளைப் பற்றி எழுதினார். மட்டக்களப்புத் தமிழைப் பற்றிய அவருடைய முடிவு, பேச்சுத் தமிழ் வகைகள் எல்லாவற்றிலும் இலக்கியத் தமிழுக்கு மிக நெருக்கமாக நிற்பது இதுதான் என்பது. மிகப் பழைய கூறுகள் பலவற்றை அது காத்துவைத்திருக்கிறது என்றும், கூடவே தனக்கே உரிய சில புதுமைகளையும் வளர்த்திருக்கிறது என்றும் அவர் கண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1964இல், பண்டிதர் வி.சீ. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலை வெளியிட்டிருந்தார். இந்த மண்ணின் பாட்டு, வழிபாடு, வழக்காறு, பேச்சு ஆகியவற்றைப் பண்டிதர் ஒருவரே பெருமையோடு பதிந்த நூல் அது.

அப்படியிருந்தும் மட்டக்களப்பாரைக் கேலி செய்ய மற்றவர்கள் எடுக்கும் முதற்சொல் ‘மறுகா’தான். ‘பிறகு’ என்ற பொருளில் வரும் இந்தச் சொல்லை ‘மறுகால்’ என்பதன் மரூஉவாகக் கொள்வது பொருந்தும். மறு முறை, அடுத்த தடவை என்ற பொருள் அதற்குள் தெளிவாகத் தெரிகிறது. நெருக்கமானவரை விளிக்கும் ‘கா’வும் கேலிக்குரியதாகிறது: “என்னகா, எங்ககா போறாய்?” இந்த வசனத்தின் கடைசியில் வரும் ‘போறாய்’ என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டுப் பேச்சு ‘போறே’ என்று உதிர்த்துவிட்ட முன்னிலை விகுதியை இலங்கைத் தமிழ் முழுதாக வைத்திருக்கிறது. கேலி செய்கிறவரின் காது ‘கா’வோடு நின்றுவிடுகிறது, ‘ஆய்’ வரை போவதில்லை.

மட்டக்களப்பு வயல்களில் இதைவிட வியப்பான ஒரு பேச்சு இருந்தது. சூடு போட்டு மிதிக்கும் களவெட்டியில் வழக்கமான சொற்களைச் சொல்லக்கூடாது. நெல்லைப் ‘பொலி’ என்பார்கள். கருவிகளுக்கும் மாட்டுக்கும் வேலைகளுக்கும் தனிச் சொற்கள் இருந்தன. விளைச்சல் குறைந்துவிடக்கூடாது என்ற நம்பிக்கையும் களத்தின் மேலான பயபக்தியும் அதற்குக் காரணம். வெளியிலிருந்து வந்த படித்தவர் கேட்டால் கொச்சை என்றுதான் நினைத்திருப்பார். நன்னூல் படித்தவராக இருந்தால் மங்கலம், குழூஉக்குறி என்று தகுதி வழக்கில் வகுக்கப்பட்டவை கண்முன்னே நடமாடுவதைக் கண்டிருப்பார். நிலவுடைய போடியாரும் அவருடைய வயலைப் பார்க்கும் முல்லைக்காரரும் ஒரே களத்தில் ஒரே கட்டுப்பாட்டுக்குள் நின்று பேசிய பேச்சு அது.

‘கொச்சை’ என்ற தீர்ப்பு இந்த நாட்டில் ஒருமுறை வெளிப்படையான போராட்டமாகவே வெடித்தது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் சிறுகதையிலும் நாவலிலும் மக்கள் பேச்சைக் கொண்டுவந்தபோது, பண்டிதர் இளமுருகனார் முதலியோர் அதை ‘இழிசனர் வழக்கு’ என்று கண்டித்தார்கள். கைலாசபதி, சிவத்தம்பி முதலிய விமர்சகர்களும் டொமினிக் ஜீவா, டானியல் முதலிய எழுத்தாளர்களும் எதிர்த்து நின்றார்கள். ‘மரபுப் போராட்டம்’ என்று இலக்கிய வரலாறு இதைக் குறிக்கிறது. பண்டிதர்களின் சொல்லை அப்படியே எடுத்துப் பாருங்கள். வழக்கு இழிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, இழிந்த சனத்தின் வழக்கு என்றார்கள். பேச்சைப் பற்றிய எரிச்சலின் உள்ளே ஆளைப் பற்றிய தீர்ப்பு இருக்கிறது என்பதை இதைவிட நேராக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஜீவாவும் டானியலும் சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களிடையிலிருந்து வந்தவர்கள் என்பது அந்தக் கண்டனத்தின் சூட்டுக்குப் புறம்பான செய்தியாக எனக்குப் படவில்லை.

அந்தப் போராட்டத்தில் யார் வென்றார்கள் என்பதைக் கிழக்கின் எழுத்து காட்டுகிறது. ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’யும், அக்கரைப்பற்று மண்ணிலிருந்து வந்த விமல் குழந்தைவேலின் ‘வெள்ளாவி’, ‘கசகறணம்’ நாவல்களும் இந்தப் பேச்சு இல்லாவிட்டால் எழுதப்பட்டிருக்கவே முடியாதவை. மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் இலக்கியச் சிற்றிதழ் தனக்கு ‘மறுகா’ என்றே பெயர் வைத்துக்கொண்டது.

ஆங்கிலத்தின் கதை வேறு. இங்கே எரிச்சல் இன்னும் கூர்மையானது, இன்னும் கொடுமையானது.

மட்டக்களப்புக்கு ஆங்கிலம் புதிதல்ல. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் 1814இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அதன் வழிவந்ததுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. இருநூறு ஆண்டாகக் கற்பிக்கப்படும் மொழி, ஆனால் அது இந்த நாட்டில் சமமாகப் பங்கிடப்படவே இல்லை. சிங்களப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். திரு கந்தையா என்ற மொழியறிஞர் 1984இல் இந்தச் சொல்லையே தலைப்பாக்கி, இலங்கையில் ஆங்கிலம் ஓர் ஆயுதமாக எப்படி இயங்குகிறது என்று எழுதினார். வாள் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுகிறார், மற்றவர் கழுத்தைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொள்கிறார்.

ஒகரத்தை நீட்டிக் குறுக்கி மாற்றிச் சொல்பவரை ‘நொட்-பொட்’ ஆங்கிலம் பேசுகிறார் என்று கொழும்பு மேல்தட்டு இகழ்வது இலங்கை ஆங்கிலம் பற்றிய ஆய்வுகளில் பதிவான செய்தி. அந்த ஒரே உயிரெழுத்தை வைத்து ஆளின் பள்ளி, ஊர், தகப்பனின் தொழில் எல்லாம் எடைபோடப்படுகின்றன. உச்சரிப்புத் திருத்தம்தான் நோக்கம் என்றால் அளவுகோல் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? நாங்கள் ‘டொக்டர்’, ‘ஒபிஸ்’, ‘கொலிஜ்’ என்கிறோம். சென்னைக்காரர் ‘டாக்டர்’, ‘ஆபீஸ்’, ‘காலேஜ்’ என்கிறார். பிரித்தானிய உச்சரிப்புக்கு எங்கள் ஒகரம் நெருக்கமானது. ஆனாலும் தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் இலங்கைத் தமிழர் பேச்சு நகைச்சுவைக்குக் கொண்டுவரப்பட்டால் ‘டொக்டர்’ என்ற சொல்லுக்கே அரங்கு சிரிக்கிறது. மூலத்துக்கு யார் நெருக்கம் என்பது சிரிப்பைத் தீர்மானிப்பதில்லை. யார் எண்ணிக்கையில் அதிகம், யாருடைய கையில் ஒலிபெருக்கி என்பதே தீர்மானிக்கிறது.

‘பிழை’ என்று சொல்லப்படும் பொருள் மாற்றங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அவற்றில் ஒழுங்கு தெரியும். எரிபொருள் நிலையம் எங்களுக்குப் ‘பெற்றோல் செட்’. பேருந்து தரிப்பிடம் ‘ஹோல்ட்’. குளிர்பானக் கடை ‘கூல்பார்’. தனியார் வைத்தியரின் சிறு இடம் ‘டிஸ்பென்சரி’. இவற்றில் பல சிங்களவர் பேச்சிலும் உள்ளவை, இலங்கை ஆங்கிலத்தின் சொற்கள். 2007இல் மைக்கல் மெய்லர் என்பவர் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். ‘கொமினிகேசன்’ பிறந்த விதமும் விளங்கக்கூடியதே. வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலத்தில், உள்ளூர் வெளிநாட்டு அழைப்புகளுக்கென்று திறக்கப்பட்ட கடைகளின் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் பெரிதாக இருந்தது. போரால் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அழைப்புக்காகக் காத்திருந்த தாய்மார் போய் உட்கார்ந்த இடம் அது. அழைப்புகள் கைப்பேசிக்குப் போய்விட்டன, கடையில் நகல் எடுக்கும் இயந்திரம் மிஞ்சியது, பெயரும் மிஞ்சியது. இதை ஆங்கிலம் தெரியாதவரின் தவறு என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்தத் தாய்மாரின் வரலாறும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

‘கோல் எடு’ என்பது இன்னும் ஆழமானது. தமிழ்நாட்டவர் ‘போனை எடு’ என்றால் வந்த அழைப்பை ஏற்றுப் பேசு என்று பொருள். இங்கே ‘கோல் எடு’ என்றால் நீயே அழை என்று பொருள். சிங்களத்தில் அழைப்பதைச் சொல்ல, எடு என்ற பொருளுள்ள ‘கன்ன’ என்ற வினையைத்தான் ‘கோல்’ உடன் சேர்ப்பார்கள். சொல் ஆங்கிலம், அச்சு சிங்களம், வினை தமிழ். கால் நூற்றாண்டுக்கு மேல் போர் நடந்த நாட்டில், பகைமையின் நடுவிலும் இரண்டு சமூகத்தின் பேச்சு ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி இந்தச் சிறு தொடர். இதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

திருத்துகிறவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே கேட்பதில்லை என்பதும் அறிவியல் கண்ட உண்மை. வில்லியம் லபோவ் 1966இல் வெளியிட்ட நியூயோர்க் ஆய்வில், ஓர் ஒலியைச் சரியாகத்தான் உச்சரிக்கிறோம் என்று உறுதியாகச் சொன்ன பலர், அதே உரையாடலில் அதை உச்சரிக்காமல் விட்டதைப் பதிவு செய்தார். பிறர் அந்த ஒலியை விட்டபோது குறை கண்டவர்களும் அவர்களேதான். தமிழைக் கலக்காதீர்கள் என்று மேடையில் முழங்கியவர் இறங்கி வந்ததும் ‘மைக் சவுண்ட் போதாது’ என்பது இந்த வகை. அவரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. மனிதர் செவி அப்படித்தான் அமைந்திருக்கிறது.

தனித்தமிழ் முயற்சிகளை இதனால் நான் ஒதுக்கிவிடுவதாக எண்ண வேண்டாம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கம் இல்லாதிருந்தால் இன்று நாம் எழுதும் உரைநடையே வேறாக இருந்திருக்கும். வன்னியில் விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குள் ‘வெதுப்பகம்’, ‘குளிர்களி’, ‘உந்துருளி’, ‘வைப்பகம்’ என்று பலகைகள் எழுந்தன. வெதுப்பகம் என்ற பெயர் பலகையில் தங்கிவிட்டது. உள்ளே போய்க் கேட்பது இன்னும் பாண்தான். பெயர் தங்குவதும் தங்காததும் ஆணையால் நடப்பதில்லை, ஆனாலும் ஒரு சமூகம் தன் பொருள்களுக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள முனைந்தது என்பதை நான் மதிக்கிறேன்.

அந்த முனைப்பின் சிறந்த வடிவத்தை மட்டக்களப்பே தந்திருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் புனித மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலம் வழியாகக் கற்றவர். ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழுக்கு முதற் பேராசிரியரானவர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர்தான் தலைமை தாங்கினார். வேதியியலும் இயற்பியலும் தமிழில் படிக்க வேண்டிய மாணவனுக்குச் சொல் இல்லையே என்ற குறையை அவர் உணர்ந்தார். அந்தக் குறைக்காக யார் பேச்சையும் அவர் கேலி செய்யவில்லை, உட்கார்ந்து சொல் ஆக்கினார். கல்லடி உப்போடையில் அவர் நடத்திய சிவாநந்த வித்தியாலய வளாகத்திலேயே 1947இல் அவரை அடக்கம் செய்தார்கள். அமிர்தகழியிலிருந்து அது தொலைவில்லை.

அடிகளின் வழியில் நின்று கேட்டால், எரிச்சல் பட வேண்டிய இடங்கள் வேறு திசையில் தெரிகின்றன. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதற்குப் பின்னும் அரச பலகைகளில் தமிழ் படும் பாடு தெரிந்ததே. பேருந்து ஒன்றில் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கர்ப்பிணி நாய்மார்’ என்று எழுதப்பட்டிருந்த படம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அமிர்தகழித் தாயின் ‘கொமினிகேசன்’ யாருக்கும் தீங்கு செய்யவில்லை. இந்த ஓர் எழுத்துப் பிழை வயிற்றில் பிள்ளையோடு பேருந்தில் ஏறிய ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணையும் அவமதித்தது. தவறு செய்தவர் அறியாமையால் செய்திருக்கலாம். சரிபார்க்க ஒரு தமிழரை அமர்த்தாத அலுவலகம் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. சட்டம் தந்த உரிமை அங்கே மீறப்படுகிறது. அதேபோல் மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம், நீதிமன்றக் கட்டளை ஆகியவை உரியவருக்கு விளங்காத மொழியில் கைக்கு வரும்போது, அங்கே பிழையற்ற ஆங்கிலம் இருந்தாலும் எனக்கு எரிச்சல் வரும். மொழி தன் வேலையைச் செய்யத் தவறிய இடம் அது.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. புதுச்சொல் வருவதைவிட, பழைய பொருளோடு அதன் சொல்லும் சேர்ந்து கரைவது பெரிய இழப்பு. வாவியில் இறால் அள்ளும் அத்தாங்கு, கரையோரக் கிண்ணை மரம், தோணி தள்ளும் வெள்ளாப்பு நேரம், வயல் பரப்பைக் குறிக்கும் வட்டை என்று இந்த மண்ணின் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலறிவைச் சுமக்கின்றன. கிண்ணையடி என்ற ஊர்ப் பெயரைச் சொல்லும் பிள்ளைக்குக் கிண்ணை எது என்று காட்ட ஆளில்லாமல் போகும்போதுதான் மொழி உண்மையில் குறைகிறது. அந்தப் பிள்ளை ‘போன்’ என்று சொல்வதால் குறைவதில்லை.

வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லடியில் அடிகளின் பெயரில் ஒரு கற்கை நிறுவகம் இருக்கிறது. பள்ளிகளில் தமிழ்ப் பாடத்துக்கு ஆண்டுதோறும் ஒப்படை கொடுக்கிறார்கள். பேச்சில் வரும் பிழைகளைப் பட்டியலிடச் சொல்லும் ஒப்படைக்குப் பதிலாக, வீட்டு முதியவரிடம் கேட்டு வயற்சொல்லும் வாவிச்சொல்லும் எழுதி வரச் சொல்லலாம். ‘மறுகா’ என்று எழுதி வந்த பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு போடாமல், கட்டுரைக்குப் ‘பின்னர்’ என்றும் கதையின் உரையாடலுக்கு ‘மறுகா’ என்றும் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டையும் இடமறிந்து ஆள அந்த வயதில் எந்தப் பிள்ளைக்கும் முடியும். பண்டிதர் கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வந்து அறுபது ஆண்டு கடந்துவிட்டது. வெட்டு மெசின் வந்த பிறகு சூடு மிதிப்பு நின்றுபோனது. களவெட்டியில் நின்று அந்தத் தனிச்சொற்களைப் பேசியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் முதியவர்கள், அவர்களிடம் கேட்டு எழுத மீதமிருக்கும் ஆண்டுகள் அதிகமில்லை.